இரண்டு பச்சைச் சீட்டுகள்

“எக்கா, நான் நீலாவுக்கு விஷம் வச்சேன்னு சொல்லுதாவ.”

போனில் தங்கை கோமதி இப்படிச் சொன்னபோது சண்முகவடிவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஆத்திரமும் இல்லை. ஒரு சின்ன சந்தேகம். வைத்திருப்பாளோ?

அந்தச் சந்தேகம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். பொய். நாலு நாள் நின்றது. சாப்பிட்டுக் கைகழுவின விருந்தாளி மாதிரி காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

“யாருட்டி அப்படிச் சொன்னது?”

“ஆஸ்பத்திரியில. நீர் மாத்திரை குடுத்துப் பிள்ளை உடம்புல இருக்க உப்பையெல்லாம் இறக்கிட்டேனாம். பெத்தவளே இப்படிச் செய்யது ஒரு வியாதியாம், அதுக்கு ஒரு பேரு வேற வச்சிருக்காவ. நேத்து பொம்பளை போலீஸ் வந்து அஞ்சறைப் பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டா.”

“அஞ்சறைப் பெட்டியவா?”

“கடுகு, சீரகம்கூட விடல. அத்தை, ‘நான் ரசத்துக்கு என்ன செய்வேன்’னு அவகூட வாசல் வரைக்கும் சண்டை போட்டுட்டே போனாவ.” கோமதி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகிவிட்டது. “எக்கா, நீ பதிவகத்துலதான இருக்க. அடுத்த திங்கக்கிழமை விசாரணை. நீ வந்து எங்க ரெண்டு பேர் சீட்டும் பச்சைதான்னு சொல்லு. குறையில்லாத குடும்பம்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாவ.”

சண்முகவடிவு போனை வைத்துவிட்டு மேஜையில் இருந்த டீயைப் பார்த்தாள். ஆடை கட்டியிருந்தது. கோமதி கேட்ட சாட்சி கோமதியை மாட்டிவிடும் சாட்சி என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

திருநெல்வேலி மாவட்ட மரபுப் பதிவகத்தில் அவள் முதுநிலை வாசிப்பாளர். கல்யாண வயது வந்தவர்களின் எச்சிலை வாங்கி, இயந்திரத்தில் படித்து, சீட்டு எழுதிக் கொடுப்பது வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சட்டம் வந்தபோது, தெற்கு ஜில்லாக்களில் அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டதில் ஒரு பழுது பரவிக் கிடப்பது தெரியவந்தது. ஜனங்கள் அதற்கு உப்பொழுக்கு என்று பேர் வைத்தார்கள். பழுது இல்லாதவர்களுக்குப் பச்சைச் சீட்டு. ஒரு பழுதைச் சுமப்பவர்களுக்கு மஞ்சள். இரண்டும் சேர்ந்து நோயாகவே பிறந்துவிட்டால் சிவப்பு. மஞ்சளும் மஞ்சளும் கட்டக்கூடாது. மஞ்சளும் பச்சையும் தாராளமாகக் கட்டலாம், பிள்ளைக்கு நோய் வராது என்று சட்டம் சொன்னது. சட்டம் சொன்னால் ஆச்சா? மஞ்சள் வீட்டுப் பக்கம் தரகர்கள்கூட வண்டியைத் திருப்பவில்லை.

நிச்சயதார்த்தத்தில் வெற்றிலை பாக்கோடு இரண்டு சீட்டும் தட்டில் ஏறின. தட்டு மாற்றியாகிவிட்டால் அப்புறம் அந்தச் சீட்டைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது. விட்டால் அது வம்சத்தையே கேவலப்படுத்தியது மாதிரி.

சண்முகவடிவின் சீட்டு மஞ்சள். நாற்பத்தாறு வயது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் காருக்குள்ளேயே உட்கார்ந்து சீட்டின் நகலை அனுப்பச் சொல்லி, பார்த்துவிட்டு, இறங்காமலேயே போய்விட்டார். அவளது நேர்மைக்குக் கிடைத்த பரிசு அது. எட்டு வருஷம் முன் கோமதியின் முறை வந்தபோது அப்பாவும் அம்மாவும் உயிரோடு இல்லை. சீட்டு எழுதும் நாற்காலியில் அக்காவே உட்கார்ந்திருந்தாள்.

கோமதிக்குப் பச்சை கிடைத்தது. ‘அக்கா மஞ்சள், தங்கச்சி பச்சை, கோமுக்கு அதிர்ஷ்டந்தான்’ என்றார்கள். அது அதிர்ஷ்டம் இல்லை. எப்படி நடந்தது என்பதை சண்முகவடிவு தனக்கேகூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டாள்: மாப்பிள்ளை உலகநாதனின் சீட்டு தூத்துக்குடியில் எழுதினது, பச்சை. ஒரு பக்கம் மட்டும் பழுது இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராது. விஞ்ஞானப்படி இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஒரு பக்கம் மட்டும். எட்டு வருஷமாக அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் அவள் தூங்கினாள்.

*

குழந்தைகள் வார்டில் டாக்டர் ரஹ்மத் அவளை நிற்க வைத்தே பேசினாள். மேலப்பாளையத்துக்காரி, முப்பது வயதிருக்கும். நாலு நாள் தூக்கம் கண்ணுக்குக் கீழே பாக்கியிருந்தது.

“பொட்டாசியம் ஒன்று புள்ளி ஒன்பது மேடம். மூணரைக்குக் கீழ வரவே கூடாது. மெக்னீசியமும் இல்ல. ஆனா சிறுநீர்ல பாத்தா உப்பு கொட்டுது. சிறுநீரகத்துல ஒரு கதவு உண்டு, வெளிய போற உப்பை மறுபடி உள்ள இழுக்கிறதுக்கு. நீலாவுக்கு அந்தக் கதவு சாத்திக் கிடக்கு.”

“எதனால சாத்தும்?”

“உங்களுக்கா நான் சொல்லணும்? ரெண்டே காரணம். பிறக்கும்போதே மரபணுல பழுது. இல்லைன்னா நீர் மாத்திரை. அந்த மாத்திரை அதே கதவைத்தான் போய்ச் சாத்தும். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். அவுங்க வீட்ல மாமியாருக்கு பிரஷருக்கு நீர் மாத்திரை இருக்கு. முதல் காரணம் இருக்கவே முடியாதுன்னு உங்க ஆபீஸ் எழுதிக் குடுத்திருக்கு. மிச்சம் யாரு? அம்மா.”

“சிறுநீர்ல மாத்திரை தெரிஞ்சுதா?”

“தெரியல. ஆனா அது சீக்கிரம் கழிஞ்சு போயிடும்ங்காங்க. அம்மாவை வார்டை விட்டு வெளிய அனுப்பின அன்னைக்கே பொட்டாசியம் ஏறிடுச்சு, அதுவே சாட்சிங்காங்க. அன்னைக்குத்தான் நான் டிரிப்ஸைக் கூட்டினேன். அதை யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்காங்க.” ரஹ்மத் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு இந்த மாத்திரைக் கதை ஒட்டல மேடம். இந்தப் பிள்ளை ஒன்றரை வயசுல இருந்து உப்பை நக்குதாம். ஊறுகாய் எண்ணெயக் குடிக்குதாம். உடம்பு கேக்குது.”

சண்முகவடிவு கேட்டாள். “ஒரு பக்கம்... அம்மா பக்கம் மட்டும் பழுது இருந்தா?”

“போதாதுல்ல மேடம். ரெண்டு பக்கமும் வேணும்.”

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அந்த நிம்மதியின் இன்னொரு பக்கத்தில், அப்படியானால் கோமதிதான் செய்தாள் என்று எழுதியிருந்தது. அதைத் திருப்பிப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

“பிள்ளையோட மரபைப் படிச்சுப் பாத்திரலாமே?”

“சட்டம் விடுமா? நீங்கதான போட்டீங்க பூட்டை.”

பூட்டு நல்ல நோக்கத்தில் போட்ட பூட்டு. சட்டம் வந்த புதிதில் மாமியார்கள் மருமகள்களை இரண்டாந்தரம், மூன்றாந்தரம் படிக்கச் சொல்லி இழுத்துக்கொண்டு வந்தார்கள். திருப்பி அனுப்ப ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். நாலு பெண்கள் ஆற்றில் விழுந்த பிறகு, ஒரு தடவை சீட்டு கொடுத்தவர்களின் மரபை மறுபடி திறக்கக் கூடாது என்று விதி வந்தது. பிள்ளையின் மரபு என்பது பெற்றவர்களின் மரபுதான். ஆகவே அதுவும் பூட்டு.

“சீட்டு குடுத்த அதிகாரியே வந்து, நான் குடுத்தது தப்புன்னு சொன்னாத்தான் திறக்கலாம். பன்னிரண்டு வருஷத்துல ஒருத்தர் சொல்லலையே,” என்றாள் ரஹ்மத். “திங்கக்கிழமை பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. அம்மா அள்ளி அள்ளி உப்பு குடுத்தான்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னதால, அங்க உப்பைக் குறைச்சுப் போடச் சொல்லி உத்தரவு. டிரிப்ஸையும் எடுத்து, உப்பையும் எடுத்தா...”

“எடுத்தா?”

“கால் சதை அடிக்கடி பிடிச்சு இழுக்குதுல்ல பிள்ளைக்கு? இதயமும் சதைதான் மேடம்.”

நீலா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாலு வயதுக்கு இரண்டரை வயது உடம்பு. கையில் ஊசி, கண்ணில் மட்டும் முழு வயதும் இருந்தது. பெரியம்மாவைப் பார்த்ததும் நர்ஸ் போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்தாள்.

“பெரிம்மா, உப்பு கொண்டாந்தியா?”

கள்ளச் சாராயம் கேட்பவன்கூட அவ்வளவு ரகசியமாகக் கேட்க மாட்டான்.

“இல்லயே செல்லம்.”

“அம்மா குடுத்தா ஏசுதாவ. நீ குடுத்தா ஏச மாட்டாவல்லா? நீ ஆபீசருல்லா?”

சண்முகவடிவு குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். நீலா அவள் உள்ளங்கையைப் பிடித்து, மோந்து பார்த்து, வெயிலில் வந்த வியர்வையை மெதுவாக நக்கினாள்.

அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்த மாத்திரையும் ஒரு பிள்ளைக்கு இந்தப் பசியைத் தராது. கோமதி எதுவும் செய்யவில்லை. அப்படியானால் இரண்டு பக்கமும் பழுது. உலகநாதனின் பச்சையும் பச்சை இல்லை.

தெரிந்த பிறகும் அவள் வார்டை விட்டு நேராக யாரிடமும் போகவில்லை. அது வியாழக்கிழமை. வெள்ளி போயிற்று. சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோமதிக்கு இட்லி வாங்கிக்கொண்டு போனாள். “நீதான் எனக்கு இருக்கக்கா,” என்று கோமதி சொல்லச் சொல்ல, அவள் சட்னிப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு அவிழவேயில்லை என்பது போல ரொம்ப நேரம் அவிழ்த்தாள்.

*

குழந்தைகள் நலக் குழுவின் அறை கலெக்டர் ஆபீஸ் மாடியில் இருந்தது. தலைவி தமயந்தி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. எதிரில் இருப்பவர்கள் எல்லாரும் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர்கள் என்ற முகத்தோடு பார்த்தார். ஒரு பக்கம் டாக்டர் ரஹ்மத். நடு பெஞ்சில் கோமதி. அவளுக்கு வலப்பக்கம் கணவன் உலகநாதன், கயத்தாறு காற்றாலையில் மேற்பார்வை. இடப்பக்கம் மாமியார் பகவதி.

சண்முகவடிவு சாட்சி நாற்காலியில் உட்காருவதற்குள் பகவதி எழுந்துவிட்டாள்.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“உங்க முறை வரும்போது சொல்லுங்க.”

“முறை வரதுக்குள்ள மறந்து போயிரும். எம் மருமவ வாயாடி. மறுக்கல. கையில துட்டு தங்காது. அடுப்புல பால வச்சிட்டுப் போனை எடுத்தாள்னா ஊரே கருகல் மோந்துரும். ஆனா வருஷக்கணக்கா அளந்து அளந்து மாத்திரை குடுக்கணும்னா அதுக்கு ஒரு பொறுமை வேணும்லா? அது இவ கிட்ட ஏது? என் மாத்திரையையே எனக்கு ஒருநா நேரத்துக்கு எடுத்துத் தந்தது கிடையாது!”

அறையில் யாரோ சிரித்துவிட்டார்கள். தமயந்தியின் உதடுகூட அசைந்தது. சண்முகவடிவுக்கு மட்டும் காது சுட்டது. ரத்த சம்பந்தம் இல்லாத இந்தக் கிழவிக்கு ஒரு விநாடிகூடச் சந்தேகம் வரவில்லை.

“உக்காருங்கம்மா,” என்றார் தமயந்தி. “சண்முகவடிவு, நீங்க உறவுக்காரங்கன்னு தெரியும். ஆனா தாயோட சீட்டுல கையெழுத்து உங்களோடது, அதனால உங்களைத்தான் கூப்பிட முடியும். ரெண்டு சீட்டும் பச்சை. சரிதானா? ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மேல நடக்கலாம்.”

கோமதி அக்காவைப் பார்த்துத் தலையாட்டினாள். சொல்லுக்கா, பயப்படாத, என்கிற தலையாட்டல்.

“தப்பு,” என்றாள் சண்முகவடிவு.

“எது தப்பு?”

“கோமதியோட சீட்டு. அவ மஞ்சள். தெரிஞ்சேதான் பச்சை குடுத்தேன்.”

கோமதி இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள், நிறுத்த மறந்து.

“உங்க கையெழுத்துல எத்தனை சீட்டு போயிருக்கும்?” தமயந்தி மெதுவாகக் கேட்டார்.

“பதினாலாயிரம்.”

“இனிமே அதுல எதை நம்புறது?”

தமயந்தி பேனாவை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். “சரி. அது வேற வழக்கு. ஆனா இந்த வழக்குக்கு இது போதாதே. டாக்டர், ஒரு பக்கம் மஞ்சளா இருந்தாப் பிள்ளைக்கு வருமா?”

“வராது. ஆனா அதிகாரியே தப்புன்னு சொல்லிட்டாங்க. பூட்டு திறந்தாச்சு. என்கிட்ட பிள்ளையோட ரத்தம் இருக்கு, கீழ வண்டியில இயந்திரம் இருக்கு. இருபது நிமிஷம் குடுங்க, ரெண்டு பக்கத்துக் கதையும் சொல்லிரும்.”

ரஹ்மத் கதவைத் தாண்டவில்லை. அதற்குள் உலகநாதன் எழுந்துவிட்டான்.

“போக வேண்டாம் டாக்டர்.” தொண்டையைச் செருமினான். “நானும் மஞ்சள்தான்.”

“ஏல, என்னல சொல்லுத?” பகவதி.

“கூடப் படிச்சவன் தூத்துக்குடிப் பதிவகத்துல இருந்தான்மா. அவன் பாத்து முடிச்சுக் குடுத்தான். பொண்ணு பச்சைன்னு சொன்னாவ. ஒரு பக்கம்னா ஒண்ணும் ஆவாதுன்னுதான்...”

அதே வார்த்தை. சண்முகவடிவு எட்டு வருஷமாகத் தனக்கு மட்டும் சொந்தம் என்று வைத்திருந்த வார்த்தை, தூத்துக்குடியில் இன்னொரு தலையணைக்கு அடியிலும் இருந்திருக்கிறது.

அவளும் உலகநாதனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் திருட வந்த இரண்டு பேர் மாதிரி இருந்தது. இருவருமே உடனே வேறு பக்கம் திரும்பினார்கள்.

கோமதி கத்தவில்லை. கணவனைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். கணக்குச் சரிபார்ப்பது போல விரலை மடக்கினாள்.

“அஞ்சறைப் பெட்டிய எடுத்துட்டுப் போனப்போ ரெண்டு பேருக்கும் தெரியும்.”

“கோமு...”

“தெருவுல என்னைப் பேய்னு சொன்னப்போ தெரியும். நேத்து எனக்கு இட்லி வாங்கிட்டு வந்தியே, அப்பவும் தெரியும்.” குரல் உயரவே இல்லை. “சட்னி கெட்டுப்போயிருந்துச்சுக்கா. நீ வாங்கிட்டு வந்ததுன்னு சாப்ட்டேன்.”

எழுந்து ரஹ்மத்திடம் போனாள். “எம் பிள்ளைக்கு நான் இப்ப உப்பு குடுக்கலாமா?”

“தாராளமா. நானே அளவு எழுதித் தாரேன். பொட்டாசியம் மாத்திரையும் இருக்கு. பிழைச்சுக்குவா. ஓடி விளையாடுவா.”

“அத்தை, வாங்க போவோம்.”

பகவதி மகனைப் பார்த்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு மருமகள் பின்னால் போனாள். உலகநாதன் பெஞ்சின் நடுவில் தனியாக இருந்தான்.

தமயந்தி வாக்குமூலத்தை எழுதி முடித்து, சண்முகவடிவின் பக்கம் நகர்த்தினார். ‘தங்கையின் பதிவில் மஞ்சள் என்று இருந்ததைப் பச்சை என்று திருத்தினேன்.’ ஒரு வரிதான். கையெழுத்துப் போட்டால் வேலை போகும், கொஞ்ச நாள் ஜெயில் இருக்கும், அதோடு முடியும். நீலா பிழைத்துவிட்டாள். இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

“இது சரியில்ல. நான் திருத்தல.”

“பின்ன?”

“திருத்த முடியாது அம்மா. காலையில தட்டுல இருபத்துநாலு எச்சில் குழாய் வைப்போம். இருபத்துநாலு முடிவு வரணும். ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் இயந்திரம் கத்தும். முன்னோட்டத்துல எத்தனை மஞ்சள் காட்டுச்சோ, கடைசியிலயும் அத்தனை மஞ்சள் இருக்கணும்.”

தமயந்தி கண்ணாடியைக் கழற்றினார்.

“அதனால, பக்கத்துக் குழாய்ல இருந்த பேரு ஒட்டுச்சீட்டை உரிச்சுக் கோமதி குழாய்ல ஒட்டினேன். கோமதியோடதை அதுல ஒட்டினேன்.”

“அப்போ அந்த மஞ்சள்?”

“பக்கத்துக் குழாய்க்காரிக்குப் போச்சு.”

உலகநாதன் தலை நிமிர்ந்தது. தூத்துக்குடியிலும் அதே இயந்திரம், அதே தட்டு. தன்னுடைய மஞ்சள் யார் வீட்டுக்குப் போனது என்று அவன் நண்பனிடம் கேட்டதே இல்லை என்பது அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“பேரு தெரியுமா?” என்றார் தமயந்தி.

“ஒட்டும்போது பாக்கல. பாக்கக் கூடாதுன்னு கண்ண வேற பக்கம் வச்சுக்கிட்டேன்.” சண்முகவடிவு புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “மூணாம் நாள் எடுத்துப் பாத்தேன். எப்சிபா. பாளையங்கோட்டை. அப்போ இருபத்தஞ்சு வயசு.”

“எட்டு வருஷம்,” என்றார் தமயந்தி. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “அவுங்களுக்குத் தபால்ல பச்சைச் சீட்டு போகும்.”

*

தபால் போவதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சண்முகவடிவு பாளையங்கோட்டைக்குப் போனாள். ஆளில்லா ஆட்டோ அவளைச் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விட்டது.

கதவைத் திறந்தவளின் கையில் சிவப்பு மையும் ஒரு கட்டுப் பரீட்சைப் பேப்பரும் இருந்தன.

“யாரு?”

“பதிவகத்துல இருந்து வாரேன். எட்டு வருஷம் முன்னால உங்களுக்கு...”

“சண்முகவடிவு,” என்றாள் எப்சிபா.

“என்னைத் தெரியுமா?”

“கையெழுத்து தெரியும். அந்தச் சீட்டை எத்தனை தடவை எடுத்துப் பாத்திருப்பேன். ச-வுக்கு மேல சின்னதா ஒரு வளைவு போடுவீங்க.”

சண்முகவடிவு வாசலில் நின்றபடியே சொன்னாள். எதையும் விடவில்லை. குழாய், ஒட்டுச்சீட்டு, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டது, மூன்றாம் நாள் பெயரைப் பார்த்தது, பார்த்துவிட்டு எட்டு வருஷம் சும்மா இருந்தது. சொல்லி முடித்தபோது எப்சிபா பரீட்சைப் பேப்பரின் ஓரங்களைத் தட்டித் தட்டிச் சமன்செய்துகொண்டிருந்தாள்.

“உள்ள வாங்கன்னு சொல்ல வரல. தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்ல.”

“உங்க தங்கச்சி நல்லா இருக்காங்களா?”

கேள்வியில் குத்தல் இருக்கிறதா என்று சண்முகவடிவு தேடினாள். இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

“இனிமே இருப்பா.”

“எனக்கு நாலு இடம் வந்துச்சு. சீட்டைப் பாத்துட்டுப் போயிட்டாங்க. அது போகட்டும். பள்ளிக்கூடம் இருக்கு, பிள்ளைங்க இருக்கு, நான் ஒண்ணும் அழுதுட்டு உக்காந்திருக்கல.” பேப்பர் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “சீட்டு வந்த அன்னைக்கு எங்க அப்பா, அம்மாவைப் பாத்து, ‘இது உங்க வீட்டுச் சொத்தா?’ன்னு கேட்டாங்க. ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க. அதுக்கப்புறம் அம்மாகூடப் பேசல. எங்கிட்ட சொல்லி அம்மாகிட்ட சொல்லச் சொல்லுவாங்க, ஒரே ரூம்ல இருந்துகிட்டே. போன கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் அப்பா தவறிட்டாங்க.”

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. காது மந்தமானவர்களின் உரத்த குரல். “எப்சி, யாரு வந்திருக்கா?”

எப்சிபா உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் தேவலை என்று சண்முகவடிவு நினைத்தாள். கட்டில் கிரீச்சிட்டது. மகள் தாயின் காதருகே சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வது தெருவரைக்கும் கேட்டது.

“அப்போ, என்கிட்ட இருந்து வரலையா?”

“இல்லம்மா.”

“எங்க அம்மாகிட்ட இருந்து?”

“யார்கிட்ட இருந்தும் வரலம்மா. நமக்கு அது இல்லவே இல்லையாம்.”

“ஓ,” என்றது குரல். மறுபடி கட்டில் கிரீச்சிட்டது. எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“இத உங்க அப்பாகிட்ட யாரு போய்ச் சொல்லதுக்கு?”